அறுபத்து நான்கு கட்டம்: சதுரங்கம் (செஸ்) பற்றி வாசகர் கேள்வி–பதில்

(கட்டங்களின் பெயர்: வெள்ளையின் இடது ஓரத்திலிருந்து நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச், வெள்ளையின் பக்கத்திலிருந்து கிடைவரிசைகள் 1 முதல் 8.)

தினமும் ஐம்பது புதிர் போடுகிறேன். புதிர் ரேட்டிங் (திறமையைக் காட்டும் எண்) ஏறிக்கொண்டே போகிறது. ஆட்ட ரேட்டிங் ஆறு மாதமாக அசையவில்லை. ஏன்?

ஐம்பது என்பதில்தான் சிக்கல். புதிருக்கு அரை நிமிடம் என்று ஓடினால், கண்ணில் படும் முதல் செக்கை வைத்துப் பார்ப்பீர்கள். தப்பென்றால் அடுத்த புதிருக்குத் தாவுவீர்கள். இது ஊகிக்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். எண்ணிக்கையைப் பத்தாகக் குறையுங்கள். உங்கள் நகர்வு, அதற்கு எதிராளியின் ஆகச் சிறந்த பதில், அதற்கு உங்கள் பதில் என்று கடைசிவரை மனதுக்குள் ஓட்டி முடித்த பிறகே காயைத் தொடுங்கள். ஐந்து நிமிடமாகியும் பிடிபடாவிட்டால் விடையைப் பார்த்துவிடலாம், குற்றமில்லை. ஆனால் தவறியதை நோட்டில் குறித்து, மூன்று நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை மறுபடி போட வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. புதிரைத் திறக்கும்போதே 'இதில் ஏதோ ஒளிந்திருக்கிறது' என்று தெரியும். ஆட்டத்தில் யாரும் வந்து காதில் சொல்வதில்லை. அந்த 'ஏதோ' எதிராளி பக்கம் இருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் வாரத்தில் இரண்டு நாள் புதிர்களைத் தோற்றவர் பக்கமிருந்து பாருங்கள்: இவர் கடைசியாக எந்தக் காயை நகர்த்தியதால் இந்த ஓட்டை விழுந்தது? அதற்குப் பதில் எதை நகர்த்தியிருக்கலாம்? ஆட்டத்தில் உங்களுக்குக் குறைவது இந்தக் கண்தான்.

இத்தாலியன் என்ற தொடக்க நகர்வு வரிசையைப் பத்து நகர்வு வரை மனப்பாடம் செய்திருக்கிறேன். நாலாவது நகர்விலேயே வெள்ளை, குதிரையை ஜி5-இல் நிறுத்தி எஃப்7-ஐக் குறிவைக்கிறது. கறுப்பில் எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் சொல்லும் வரிசை இதுதான். வெள்ளை இ4, கறுப்பு இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. இப்போது குதிரை ஜி5. எஃப்7 சிப்பாய்க்கு ராஜா ஒருவர்தான் காவல். தாக்குவதோ குதிரையும் பிஷப்பும். பிஷப்பின் வழியை அடைக்க, சிப்பாயை டி5-க்குத் தள்ளுவது சரியான பதில். வெள்ளை அதை இ4 சிப்பாயால் வெட்டும்.

ஆபத்து இங்கேதான். கை தானாகவே எஃப்6 குதிரையால் டி5-ஐ வெட்டப் போகும். வெட்டினால், வெள்ளைக் குதிரை எஃப்7-இல் பாய்ந்து தன்னைப் பலி கொடுக்கும். ராஜா அதை வெட்டியதும் ராணி எஃப்3-க்கு வந்து செக். அதே நகர்வில் டி5 குதிரைக்கும் குறி. அந்தக் குதிரையை விடக் கூடாதென்றால் ராஜா இ6-க்கு, பலகையின் நட்டநடுவுக்கு வந்து நிற்க வேண்டும். அடுத்து வெள்ளையின் இன்னொரு குதிரையும் சி3-க்கு வந்து டி5-ஐ அழுத்தும். இன்ஜின் (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்) இதைத் தாக்குப்பிடிக்கலாம். கடிகாரம் ஓடும்போது மனிதர்களால் பெரும்பாலும் முடிவதில்லை.

வெட்டாமல், சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குங்கள். பிஷப் பி5-இல் செக் வைக்கும். சிப்பாயை சி6-க்குத் தள்ளி மறையுங்கள். வெள்ளை வெட்ட, நீங்கள் பி சிப்பாயால் திருப்பி வெட்ட, ஒரு சிப்பாய் குறையும். ஆனால் வெள்ளையின் பிஷப்பும் குதிரையும் பின்வாங்கும் நேரத்தில் உங்கள் காய்கள் வெளியே வந்துவிடும்.

சிப்பாயை இழக்க மனமில்லையா? மூன்றாவது நகர்வில் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-க்குக் கொண்டுவாருங்கள். டி8 ராணியின் பார்வை இ7, எஃப்6 வழியாக நேராக ஜி5-இல் விழும். அங்கே குதிரை வந்தால் ஓசியில் வெட்டலாம். முந்தைய வரிசையில் உங்கள் எஃப்6 குதிரையே அந்தப் பார்வையை மறைத்துக்கொண்டிருந்தது. பத்து நகர்வை ஒப்பிப்பதைவிட, ஒவ்வொரு காயும் எதைத் திறக்கிறது, எதை மறைக்கிறது என்று தெரிந்துகொண்டால் எதிராளி வழி மாறும்போது பதற்றம் வராது.

கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது) செய்யும்போது என் மகள் முதலில் யானையைத் தொட்டுவிட்டாள். நடுவர் கேஸ்லிங்கை அனுமதிக்கவில்லை. சரியா?

சரிதான். ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) விதிப்படி கேஸ்லிங் என்பது ராஜாவின் நகர்வு. வேண்டுமென்றே யானையைத் தொட்டு, பிறகு ராஜாவைத் தொட்டால், அந்த நகர்வில் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது; யானையைத்தான் நகர்த்த வேண்டும். ராஜாவை முதலில் இரண்டு கட்டம் நகர்த்துவது, எல்லாவற்றையும் ஒரே கையால் செய்வது என்ற இரண்டையும் வீட்டு ஆட்டத்திலேயே பழக்குங்கள்.

ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் கடைசியில் டிராவாகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பெரும்பாலும் சிப்பாயை அவசரமாக ஓட்டுவதில். ராஜா முன்னே போக வேண்டும், சிப்பாய் பின்னே வர வேண்டும்.

பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4. கறுப்பு ராஜா இ7. நகர்த்த வேண்டியது கறுப்பு என்றால் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளை என்றால் டிரா. ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும்போது நகர்ந்தாக வேண்டியவர் வழிவிட்டே ஆக வேண்டும். இப்போது சிப்பாயை மட்டும் இ3-க்குப் பின்னிழுத்து வையுங்கள். முறை வெள்ளையுடையதாக இருந்தாலும் கவலையில்லை: இ4 என்று ஒரு தள்ளு, முறை கறுப்புக்குப் போய்விடும். அந்த ஒரு தள்ளைத்தான் நீங்கள் முன்கூட்டியே செலவழித்துவிடுகிறீர்கள். ராஜா இ6, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8 என்று வந்துவிட்டால் யார் முறையானாலும் வெற்றி. ஏ, ஹெச் ஓரச் சிப்பாய்க்கு இது பொருந்தாது. எதிராளியின் ராஜா மூலையைப் பிடித்துவிட்டால் டிராதான்.

இந்த மூன்று நிலைகளையும் கணினிக்கு எதிராக வெள்ளையில் பத்து முறை, கறுப்பில் பத்து முறை ஆடுங்கள். அதன்பின், கடைசி யானையை மாற்றிக்கொள்வதற்கு முன்னால் 'மாற்றியதும் யார் முறை?' என்று விரல் விட்டு எண்ணத் தோன்றும்.

யானைகள் பலகையில் இருந்து, சிப்பாய் குறைவு உங்களுக்கென்றால் பிலிடோர் நிலையைக் கற்றுக்கொள்ளுங்கள் (பிலிடோர் 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சதுரங்க வீரர், இசையமைப்பாளரும்கூட). நீங்கள் கறுப்பு, ராஜா இ8-இல். வெள்ளைச் சிப்பாய் இ5-இல். உங்கள் யானையை 6-ஆம் வரிசையில் நிறுத்தி, வெள்ளை ராஜா அந்த வரிசைக்குள் வராமல் தடுங்கள். சிப்பாய் இ6-க்கு வந்த உடனே யானையை 1-ஆம் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருங்கள். ராஜா ஒளிந்திருக்கக்கூடிய இ6-ஐச் சிப்பாயே பிடித்துக்கொண்டதால் அதற்கு மறைவிடம் இல்லை. பலர் சிப்பாய் நகரும் முன்பே யானையை இறக்கிவிட்டுத் தோற்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் இன்ஜினில் போட்டுப் பார்க்கிறேன். தப்புகள் சிவப்பில் தெரிகின்றன. அடுத்த ஆட்டத்தில் அதே தப்பு. வேறு வழி?

சிவப்புக் குறி எங்கே தப்பு என்று காட்டும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. முதல் அரை மணி நேரம் இன்ஜினைத் திறக்காதீர்கள். ஆட்டத்தில் நீங்கள் தயங்கிய மூன்று இடங்களை எடுத்து, எந்த நகர்வுகளை யோசித்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு இன்ஜினோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் காட்டும் மதிப்பு அரைச் சிப்பாய் அளவுக்கு ஏறி இறங்கியதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடலாம். காய் பறிபோன இடங்கள் போதும்.

ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: எதிராளியின் மிரட்டலைப் பார்க்கவில்லை, பார்த்தும் தப்பாகக் கணக்கிட்டேன், நேரம் இல்லை. இருபது ஆட்டம் சேர்ந்தபின் எந்தக் காரணம் அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். முதலாவது என்றால், எதிராளி நகர்த்தியதும் அவருடைய செக், வெட்டு, மிரட்டல் மூன்றையும் தேடிய பிறகே உங்கள் யோசனையைத் தொடங்குங்கள். இரண்டாவது என்றால் மேலே சொன்ன பத்துப் புதிர். மூன்றாவது என்றால் மூன்று நிமிட ஆட்டங்களை நிறுத்திவிட்டு, நகர்வுக்குப் பத்து விநாடி கூடும் பதினைந்து நிமிட ஆட்டத்துக்கு மாறுங்கள்.