ஈஸ்டர் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னா, பின்னா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். சவுதியில் இருக்கும் மகன் 2028 ஈஸ்டருக்கு ஊர் வர இப்போதே லீவு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பங்குனிப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்று தேதி சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. பல வருஷம் சரியாக வரும். ஒரு வருஷம் காலை வாரிவிடும். 2019-இல் மார்ச் 21 காலையில் பௌர்ணமி. உங்கள் கணக்குப்படி ஈஸ்டர் மார்ச் 24. கோயிலில் கொண்டாடியதோ ஏப்ரல் 21!

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு: இதுதான் விதி. ஆனால் திருச்சபை வானத்து நிலவைப் பார்ப்பதில்லை, முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிய அட்டவணை நிலவைத்தான் பார்க்கிறது. 1582-இல் பாப்பரசர் 13-ஆம் கிரகோரி காலண்டரைத் திருத்தியபோது இந்த அட்டவணையும் திருத்தப்பட்டது. அதன்படி 2019 மார்ச் பௌர்ணமி 20-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஒரே நாள் பிந்தியிருந்தால் கணக்கில் சேர்ந்திருக்கும். சேராததால் ஏப்ரல் 18 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பௌர்ணமித் தேதிகள் 19 வருஷத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய அப்படியே திரும்பும். அதனால் வருஷத்தை 19-ஆல் வகுங்கள். 2028-க்கு மீதி 14. ஒன்றைக் கூட்டினால் 15. இதுதான் பொன் எண். 2199 வரை அட்டவணையில் 15-க்கு உரிய பௌர்ணமி ஏப்ரல் 10. 2028-இல் அது திங்கள்கிழமை, ஆகவே ஈஸ்டர் ஏப்ரல் 16. (பக்கத்து வருஷங்களின் பொன் எண்களுக்கு: 14-க்கு மார்ச் 22, 16-க்கு மார்ச் 30, 17-க்கு ஏப்ரல் 17.) பௌர்ணமியே ஞாயிறாக இருந்தால் அடுத்த ஞாயிறுக்குப் போக வேண்டும். 2025-இல் அப்படித்தான்: பௌர்ணமி ஏப்ரல் 13, ஈஸ்டர் 20.

எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. 2028-இல் அது ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. படகு கரையில், நீங்களும் வீட்டில். குருத்தோலை ஞாயிறான 9-ஆம் தேதிக்குள் மகன் வந்துவிட்டால் பெரிய வெள்ளிக்கும் இருப்பார், பிறகு படகு மராமத்துக்கும் கை கொடுப்பார். 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, நல்ல தொழில் நேரம். அதனால் 2028-ஐத் தேர்ந்தெடுத்தது சரிதான்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் சேர்த்து வர நினைத்தால்: ஈஸ்டரிலிருந்து 46 நாள் பின்னால் போனால் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், மார்ச் 1. 2022 முதல் 2025 வரை திருவிழா தவக்கால இரண்டாம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, சனியில் நடந்தது. அதே வழக்கம் தொடர்ந்தால் மார்ச் 10, 11. அறிவிப்பு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.