கிரியேட்டினும் கிட்னிப் பயமும்

தம்பி, புதுக்குடியிருப்பு ஜிம்மில சொல்லிக்கொடுத்தபடி நாளுக்கு 20 கிராம் கிரியேட்டின் (தசைக்குப் பலமெண்டு குடிக்கிற பவுடர்) குடிச்சனெண்டும், இரத்தப் பரிசோதனையில கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்திற கழிவு) கூடிக் காட்டுதெண்டும், கிட்னி பழுதாப்போச்சோ எண்டும் கேட்டிருந்தீர்.

முதல்ல பயப்படாதையும். நாங்கள் குடிக்கிற கிரியேட்டினில ஒரு பங்கு உடம்புக்குள்ள கிரியேட்டினினாக மாறி மூத்திரத்தோட போறது. கிட்னி நல்லாயிருக்கிற ஆளுக்கும் அந்த எண் கொஞ்சம் ஏறும். ஆனால் இதுதான் காரணமெண்டு நீரோ நானோ தீர்ப்புச் சொல்லேலாது. எங்கட வன்னியில, வவுனியாப் பக்கம், காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கு. கிரியேட்டின் டின்னை மூடி வைச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போம். டின்னையும் கொண்டுபோய்க் காட்டும், ஒளிக்காதையும். திரும்ப எப்ப சோதிக்கிறதெண்டு கேளும். மூத்திரத்தில புரதம் போகுதோ எண்டும் பார்க்கச் சொல்லும்.

எல்லாம் சரியெண்டு டொக்டர் சொன்னால் நாளுக்கு 3 முதல் 5 கிராம், சின்னத் தேக்கரண்டி ஒண்டு, தாராளம். 20 கிராமெண்டால் ஒரு கிழமையில தசையில கிரியேட்டின் நிரம்பும், இந்தச் சின்ன அளவெண்டால் மூண்டு நாலு கிழமை செல்லும். அவ்வளவுதான் வித்தியாசம். முதல் மாதம் ஏறுற ஒண்டு ரெண்டு கிலோ பெரும்பாலும் தண்ணி, அதைக் கண்டு துள்ளவேண்டாம்.

மற்றது, லேபிள் இல்லாத பையில உமக்குத் தந்ததெண்டு நீர் சொன்ன ரோஸ் குளிசை. அதுக்குள்ள ஸ்டீரொய்ட் (தசையைப் பெருக்கவைக்கிற ஹோர்மோன் மருந்து) இருக்கலாம். ஈரலையும் கெடுக்கும், விந்தணுவையும் குறைக்கும். விழுங்காதையும், அதையும் டொக்டரிட்டக் காட்டும்.

புரதமெண்டால் ஒரு முட்டையில 6 கிராம் இருக்கு. பயறு, நெத்தலி இருக்கு. நந்திக்கடல் இறாலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு பவுடருக்குக் காசு கொட்டுறீரே, எனக்கு வயிறு எரியுது!