பழைய வண்டிக்கு எந்தக் கியர் பாக்ஸ் பொருந்தும்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னுடையது 1996 மாருதி 800. மூன்றாவது கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஆம்னிக்கும் இதே எஞ்சின்தான், அந்தக் கியர் பாக்ஸையே போடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. இரண்டும் 796 சிசி என்பது வரை அவர் சொல்வது சரி. ஆனால் 800-இல் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். ஆம்னியில் எஞ்சின் நீளவாட்டில் இருந்து, புரொப்பல்லர் ஷாப்ட் (பின்பக்கம் போகும் நீளத் தண்டு) வழியாகப் பின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அந்தப் பெட்டியில் உங்கள் ஆக்ஸிலைச் சொருக இடமே கிடையாது.

கேள்வி: அப்படியானால் பிற்கால எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்) 800-இன் ஐந்து கியர் பெட்டி?

பதில்: அதைப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. வெறும் பெட்டியை மட்டும் தூக்கி வராதீர்கள். கியர் ராடு, மவுண்டிங், ஆக்ஸில் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, அப்பா ஓட்டிய அம்பாசடர். ஆர்சி புத்தகத்தில் 1986 என்று இருக்கிறது, ஆனால் கியர் லீவர் தரையில். எந்த வருஷத்துப் பெட்டியைத் தேடுவது?

பதில்: வருஷத்தை விடுங்கள், இப்போது வண்டியில் இருப்பதைப் பாருங்கள். 1986-இல் வந்தது 1489 சிசி எஞ்சின், ஸ்டியரிங் தண்டில் லீவர், நான்கு கியர். தரை லீவரும் ஐந்து கியரும் 1990களில் 1.8 இசுசு எஞ்சினோடு வந்தவை. நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எஞ்சின் எண் ஆர்சியோடு ஒத்துப்போகாவிட்டால் அதை ஆர்டிஓவில் சரிசெய்வதுதான் முதல் வேலை.

அப்புறம், உங்கள் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். புதுப்பேட்டையானாலும் சரி, ஊர்க் கடையானாலும் சரி, அங்கே இருக்கும் பெட்டியின் முன் ஷாப்டில் அதைச் சொருகிப் பாருங்கள். பற்கள் ஒத்துப்போனால் லேசாகத் தள்ளும்போதே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஒரு பல் கூடக்குறைய இருந்தாலும் நுனியிலேயே நின்றுவிடும். பலரும் இதோடு திருப்தியாகிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஷாப்டின் நீளத்தையும் டேப் வைத்து அளக்க வேண்டும். நுனி, ஃபிளைவீல் (எஞ்சினின் பின்னால் சுற்றும் கனத்த சக்கரம்) நடுவிலுள்ள புஷ்ஷுக்குள் சரியாக உட்கார வேண்டும். பெட்டியின் மொத்த நீளம் மாறினால் புரொப்பல்லர் ஷாப்டையும் வெட்டி ஒட்ட நேரிடும்; அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

நான்கா ஐந்தா என்று சந்தேகம் வந்தால், முன் ஷாப்டிலும் பின் ஃபிளாஞ்சிலும் (புரொப்பல்லர் ஷாப்டைப் பூட்டும் தட்டு) சாக்பீஸால் கோடு போட்டுக் கையால் சுற்றுங்கள். இரண்டு பெட்டியிலுமே நான்காவது கியரில் இரண்டு கோடும் சேர்ந்தே சுற்றும். பின்பக்கம் முந்திக்கொண்டு சுற்றும் கியர் ஒன்று இருந்தால் அது ஐந்து கியர் பெட்டி.

கேள்வி: ஜிப்ஸிக்கு கியர் பாக்ஸ் மாற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸையும் (முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: தேவையில்லை. ஜிப்ஸியில் அது தனிப் பெட்டி, நடுவில் ஒரு குட்டி ஷாப்ட்தான் இரண்டையும் இணைக்கிறது. பழைய 970 சிசி வண்டிக்கு நான்கு கியர் பெட்டியையே தேடுங்கள். 1300 சிசி ஜிப்ஸி கிங்கின் ஐந்து கியர் பெட்டி அந்த எஞ்சினில் நேராக உட்காராது. வாங்கும் முன் ஆயில் போல்ட்டைத் திறந்து இரண்டு சொட்டை விரலில் தேய்த்துப் பாருங்கள். பொடிப் பொடியாகப் பித்தளை மினுமினுப்பு இருந்தால் பரவாயில்லை. நகத்தில் சிக்கும் அளவுக்குத் துணுக்கு வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.