தோவாளைக் களிமண்: மேல் ஒரு சாணைக் காப்பாற்றுங்கள்

தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கேள்வியின் சுருக்கம் இது: “குளத்துக்குக் கீழே எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. மாமனார் காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகமும் நெல் விளைந்த இடம். பதினைந்து வருஷமாகத் தரிசு. இப்போது ஐந்து மாடும் பத்துப் பன்னிரண்டு ஆடும் அதில்தான் மேய்கின்றன. மழை பெய்தால் காலை விடாத சகதி, பங்குனி வந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. புல் திட்டுத்திட்டாகத்தான் வருகிறது. மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட ஐந்தடி ஆழத்துக்குக் குழி எடுத்தோம். மேலே ஒரு சாண் கறுத்த பொருபொரு மண். அதற்குக் கீழே கடப்பாரை இறங்காத கட்டி; உடைத்தால் சோப்புத் தேய்த்தது போல் பளபளக்கிறது. மூன்றடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கற்கள், அதற்கும் கீழே மஞ்சள் சரளை. பக்கத்து விளைக்கார (மேட்டுத் தோட்டக்கார) அண்ணாச்சி, ஜேசிபி விட்டு ஆழமாகப் புரட்டி மணல் கலந்தால் மண் மாறிவிடும் என்கிறார். செய்யலாமா?”

செய்யாதீர்கள். ஜேசிபிக்குச் சொல்லி வைத்திருந்தால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பதற்கான காரணம் நீங்கள் வெட்டிய குழியிலேயே இருக்கிறது. நீங்கள் அதை அடுக்கடுக்காகப் பார்த்து எழுதியிருப்பதால் என் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மேற்கே குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் நிற்கும் நிலத்திலும் களி நிறைய உண்டு. ஆனால் அது உங்கள் மண் போல் வெடிப்பதில்லை. களி என்பது அளவைக் குறிக்கும் பெயர். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள் எதுவானாலும் களிதான். அந்தத் துகள் எந்தக் கனிமம் என்பதைப் பொறுத்து குணம் மாறும். மேற்கில் பெருமழை காலங்காலமாகச் சுண்ணாம்புச் சத்தையும் மற்றவற்றையும் கழுவிக் கொண்டுபோய், இரும்பும் அலுமினியமும் தங்கிய செம்மண்ணையும் வெட்டுக்கல்லையும் விட்டுவைத்தது. அங்குள்ள களி பெரும்பாலும் கேயோலினைட். அதன் ஏடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிடித்திருப்பதால் இடையில் தண்ணீர் நுழையாது. நீங்கள் இருப்பதோ ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று அடிக்கும், மழை குறைந்த பக்கம். அதிலும் தாழ்ந்த இடம். மேட்டிலிருந்து இறங்கும் நுண்ணிய வண்டலும் கரைந்து வரும் சுண்ணாம்பும் அங்கேயே தங்கிவிடுகின்றன. இந்த மாதிரி இடத்தில்தான் ஸ்மெக்டைட் வகைக் களி சேரும். அதன் ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீங்கள் சொல்லும் வெடிப்பும் சகதியும் அந்த ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள்.

இனி குழிக்குள் இறங்குவோம்.

மேலே இருக்கும் ஒரு சாண் கறுப்பு மண்தான் உங்கள் சொத்து. வெயிலில் காய்ந்தும் பனியில் நனைந்தும் தானாகவே எள்ளும் கடலையுமாக உதிர்ந்து கிடக்கிறதே, அந்தப் பொருபொருப்பை எந்தக் கலப்பையாலும் உண்டாக்க முடியாது. புல்லின் சல்லி வேர் பெரும்பாலும் இங்கேதான் ஓடுகிறது. மண்புழுவும் மக்கிய சாணமும் இருப்பது இங்கே. நிறத்தை வைத்துச் சத்தைக் கணக்கிட்டுவிட வேண்டாம். இந்த வகை மண் கறுத்திருப்பதற்கு மக்கு நிறைய இருப்பது காரணமல்ல. கொஞ்சமாக இருக்கும் மக்கே களியோடு இறுகப் பிணைந்து கறுப்பாகத் தெரிகிறது.

அடுத்தது அந்தப் பளபளக்கும் கட்டி. ஒரு கட்டியை எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முகம் வழுவழுப்பாகவும், அதில் ஒரே திசையில் மெல்லிய கீறல்களும் தெரியும். கட்டி சதுரமாக இருக்காது, ஆப்பு போல் சரிந்திருக்கும். நான் முதன்முதலில் இப்படி ஒரு குழிக்குள் நின்றபோது யாரோ மம்பட்டியால் இழைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். உண்மையில் மண்ணே மண்ணை இழைத்திருக்கிறது. கோடையில் வெடிப்பு திறந்திருக்கும்போது மேல்மண் அதற்குள் உதிர்ந்து விழுகிறது. மழை வந்ததும் கீழே உள்ள களி உப்புகிறது. வெடிப்பு ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் உப்புவதற்கு இடம் கிடைக்காமல், ஒரு பாளம் இன்னொன்றின் மேல் சரிந்து வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. வருஷா வருஷம் நடக்கும் இந்த உரசல்தான் அந்தப் பளபளப்பு. உலக மண் வகைப்பாட்டில் இந்தக் குடும்பத்துக்கு வெர்டிசால் என்று பெயர். திருப்பு, புரட்டு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் மண். நாம் ஜேசிபி விட்டுப் புரட்டப் போகிறோம் என்பது எத்தனை வீண் வேலை என்று இதிலிருந்தே தெரியும்.

அந்த அடுக்கில் ஒரு வேரைத் தேடிப் பிடியுங்கள். நாடா போல் தட்டையாக, கட்டியின் முகத்தோடு ஒட்டிக் கிடக்கும். பாளத்துக்குள் நுழைய முடியாமல் சந்து வழியாகப் போன வேர் அது. மண் உப்பும்போது நசுங்கும், வெடிக்கும்போது அறுபடும். கீழே ஈரம் இருந்தும் புல்லால் அதை எடுக்க முடியாததற்கு ஒரு காரணம் இது. உங்கள் நிலத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்க வேண்டும். பல காலம் சேற்றுழவு உழுத வயல் என்பதால், கலப்பை ஆழத்துக்குச் சற்றுக் கீழே மாட்டுக் காலும் கலப்பையும் மிதித்து இறுக்கிய தளம் இருக்கும். நெல்லுக்குத் தண்ணீர் இறங்காமல் நிற்க அது வேண்டியிருந்தது. இன்றைக்குப் புல்லுக்கு அதுவே தடை.

மூன்றடியில் கிடைத்த வெள்ளைக் கல் சுக்கான். ஒன்றைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்புதான். மழைநீர் மேலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டு இறங்குகிறது. தண்ணீர் எந்த ஆழத்தோடு நின்று வற்றுகிறதோ அங்கே அதை விட்டுவிடுகிறது. உங்கள் மழை வழக்கமாக எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதற்கு அந்த வெள்ளைக் கோடு ஓரளவுக்குச் சாட்சி. கடைசியாகப் பார்த்த மஞ்சள் சரளை, இந்த மாவட்டத்தின் அடியில் கிடக்கும் சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகளில் ஏதோ ஒன்று உளுத்தது. அதைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம்.

புல் ஏன் திட்டுத்திட்டாக வருகிறது என்பதற்குத் தண்ணீர்க் கணக்கு ஒன்று உண்டு. களிமண் நிறையத் தண்ணீர் பிடிக்கும் என்பது உண்மை. ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் வரை பிடித்து வைக்கும். ஆனால் அதில் பாதிக்கு மேல் களி தன்னோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், வேருக்குத் தராது. சித்திரையில் 10 மில்லிமீட்டர் தூறல் விழுகிறது என்று வையுங்கள். பக்கத்து அண்ணாச்சியின் செம்மணல் விளையில் அது நாலைந்து அங்குலம் இறங்கும். உங்கள் களியில் இரண்டு மூன்று அங்குலத்தோடு நின்று, மறுநாள் வெயிலில் ஆவியாகிவிடும். அவர் விளையில் பச்சை தட்டும்போது உங்கள் நிலம் சும்மா கிடப்பது இதனால்தான். நல்ல மழைக்காலத்தில் ஈரம் ஆழத்துக்கு நிறைந்துவிட்டால் கதை மாறும்: அவருடைய புல் காய்ந்த பிறகும் உங்களுடையது சில வாரம் பச்சையாக நிற்கும்.

மணல் கலக்கும் யோசனைக்கு வருவோம். ஒரு ஏக்கரின் மேல் அரை அடி மண் மட்டும் 600 கன மீட்டருக்கு மேல் வரும். மண்ணில் பாதி களி என்று வைத்தால், அதைக் காலாகக் குறைக்க அதே அளவு மணல் வேண்டும். நம் கணக்கில் 200 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) மேல், அதுவும் ஒரு ஏக்கருக்கு. பத்து இருபது யூனிட் போட்டால் களி மணலைக் கவ்விக்கொண்டு செங்கல் போல இறுகும். ஆழமாகப் புரட்டுவது அதைவிடக் கெடுதல். ஒரு சாண் கறுப்பு மண் கீழே புதைந்துபோய், உரசிய கட்டியும் சுக்கானும் மேலே வரும். அதில் புல் முளைக்காது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும். குளத்து வண்டல் கிடைக்கிறதே, அடிக்கலாமா என்றும் கேட்பீர்கள். செம்மண் விளைக்கு அது பொன். உங்கள் நிலத்துக்குக் களியோடு களி.

வேறென்ன செய்யலாம்? முதலும் முக்கியமுமானது, ஈரத்தில் மாட்டை விடாமல் இருப்பது. நானூறு கிலோ மாடு நடக்கும்போது அந்த எடை முழுவதும் இரண்டு மூன்று குளம்புகளின் மேல் இறங்குகிறது. ஈரக்களியில் அந்த அழுத்தம் பொருபொரு மண்ணை மாவாகப் பிசைந்துவிடும், காய்ந்ததும் அது ஓடாகிவிடும். வெடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து அதைப் பழையபடி உதிர்க்கச் சில பருவங்கள் ஆகும். உங்கள் நிலத்தில் புல் இல்லாத திட்டுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கேட்டுப் பக்கம், நிழல் மரத்தடி, தண்ணீர் வைக்கும் இடம் என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மழைக்கு மறுநாள் நீங்களே நடந்து பார்த்து, ஒரு மாட்டை மட்டும் பத்தடி நடத்துங்கள். குளம்புத் தடம் ஒரு விரல் கனத்துக்கு மேல் பதிந்தால் கேட்டை மூடிவிடுங்கள். அந்த நாட்களுக்கு வைக்கோலும் வெட்டிப் போடும் தீவனமும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். செலவுதான், ஆனால் இந்த மண்ணுக்கு இதைவிட நல்ல உரம் நான் பார்த்ததில்லை. ஆடுகளால் இவ்வளவு பாதிப்பு இல்லை என்றாலும் சகதியில் அவற்றையும் விட வேண்டாம்.

இரண்டாவது, ஒரு சோதனை. மேல்மண்ணிலும் கட்டி அடுக்கிலும் பட்டாணி அளவுக்குக் காய்ந்த துண்டு ஒவ்வொன்று எடுத்து, தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் மழைநீரோ, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோ ஊற்றி, அதில் மெதுவாகப் போடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு முடிவை மாற்றிவிடும். கலக்காதீர்கள். துண்டு பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீர் தெளிவாகவே நின்றால் நல்லது. துண்டைச் சுற்றிப் பால் கலந்தது போல் வெண்புகை பரவினால் மண்ணில் சோடியம் அதிகம், அதாவது களர். அப்போது மட்டும்தான் களரைச் சரிசெய்யப் போடும் ஜிப்சம் வேலை செய்யும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனைக்குக் கொடுத்து, கார அமில நிலை 8.5-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தச் சோதனை செய்யாமல் மூட்டை மூட்டையாக ஜிப்சம் வாங்கிப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

புல்லைப் பொறுத்தவரை, கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் லேசான செம்மண்ணில் நன்றாக வரும், உங்களிடம் சோர்ந்துபோகும். சங்குப்பூ இந்தக் களியில் நன்றாகப் பிடிக்கும், மாடு விரும்பித் தின்னும். வேலிமசாலும் வரும். அதன் விதையைக் கொதித்து இறக்கிய வெந்நீரில், சூடு 80 டிகிரிக்குத் தணிந்ததும் மூன்று நான்கு நிமிடம் போட்டெடுத்து, ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதையுங்கள். இல்லாவிட்டால் முளைப்பு குறையும். ஓரத்தில் கால் ஏக்கர் தீவனச்சோளம் போட்டால் சகதி நாட்களுக்கு உதவும். ஆனால் இளம் சோளத்தை மாட்டுக்குக் கொடுக்கவே கூடாது, அதில் நச்சு உண்டு. பூத்த பிறகு வெட்டுங்கள். விதைப்பை ஐப்பசி மழை இறுகுவதற்கு முன், மண் பொருபொருவென்று இருக்கும்போதே, லேசாகக் கீறிவிட்டு முடித்துவிட வேண்டும். மழை பிடித்த பிறகு நிலத்தில் கால் வைக்க முடியாது.

தொட்டியை அந்த இடத்தில் சிமெண்டில் கட்டாதீர்கள். உப்பிச் சுருங்கும் மண்ணில் இரண்டு மூன்று கோடைக்குள் விரிசல் விடும். மேட்டில் சரளை தெரியும் இடம் இருந்தால் அங்கே கட்டுங்கள். இல்லையென்றால் சரளைப் படுக்கை போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் தொட்டி வைப்பது மேல். எங்கே வைத்தாலும் சுற்றிலும் நாலைந்தடிக்குச் சரளை கொட்டுங்கள், மாடு அதிகம் மிதிக்கும் இடம் அதுதான்.

குழியை மழைக்கு முன்னே மூடிவிடுங்கள். ஈரம் ஏறினால் பக்கச் சுவர் பாளமாகச் சரியும், பிள்ளைகளோ ஆடோ அருகில் போகக் கூடாது. மூடும்போது வெட்டிய வரிசைக்கு எதிராக, சரளை முதலில், பிறகு சுக்கான் மண், அதன்மேல் கட்டி, கடைசியாகத்தான் கறுப்பு மண். குவியல்கள் ஏற்கெனவே கலந்துபோயிருந்தால், அந்தக் கலவையை அடியில் போட்டுவிட்டு, மேலே மூடுவதற்கு வேலியோரத்திலிருந்து நல்ல கறுப்பு மண்ணைச் சுரண்டிக் கொண்டுவாருங்கள்.