பழம் மட்டும் கேட்டால் கிடைக்காதா?

கேள்வி: ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் ஒரு கடையில் பூவன் பழம் இரண்டு சீப்பு கேட்டேன். "படையல் செட்டோடு வாங்கினால்தான் பழம்" என்று சொல்லிவிட்டார் கடைக்காரர். தேங்காய், மஞ்சள் கயிறு, காதோலைக் கருகமணி எல்லாம் வீட்டில் இருந்தும் வேறு வழியில்லாமல் வாங்கி வந்தேன். பழத்தின் விலையும் முந்தைய வாரத்தைவிட இரண்டு மடங்கு. யுத்த காலத்தில் சர்க்காரே விலை வைத்து இப்படிப்பட்டவர்களை அடக்கியதாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது ஏன் செய்வதில்லை?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: செட்டை உங்கள் தலையில் கட்டியது தவறு. ஒரு பொருளைத் தருவதற்கு இன்னொன்றையும் வாங்கச் சொல்வது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தடைசெய்யத்தக்க வணிக நடைமுறை. விலை விஷயம் வேறு. உதிரியாக விற்கும் பழத்துக்கு அதிகபட்ச சில்லறை விலை என்று ஒன்று கிடையாது. கடைக்காரர் சொன்னதுதான் விலை. பேரம் பேசுவது உங்கள் சாமர்த்தியம்.

யுத்த காலத்துக்கு வருவோம். அன்று இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் விலை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசிடம் இருந்தது உண்மை. ஆனால் 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வரத்து நின்றபின், பெரிய கவலை அரிசியைப் பற்றித்தான். பழத்தில் அரசு எவ்வளவு தூரம் கைவைக்க முடியும் என்று பார்க்க பிரிட்டனுக்குப் போக வேண்டும்.

அங்கே உணவு அமைச்சகம் பழங்களுக்கு உச்சவிலை வைத்தது. 1940 நவம்பரில் வாழைப்பழ இறக்குமதியையே நிறுத்தியது. குளிர்சாதனக் கப்பல்கள் இறைச்சி கொண்டுவரத் தேவைப்பட்டன. பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கை வேகவைத்து மசித்து, வாழைப்பழ எசன்ஸ் விட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வீடுகள் உண்டு. திருவையாற்றுக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்களா அழுவார்களா தெரியவில்லை! 1945 கடைசியில் மீண்டும் வாழைப்பழக் கப்பல் வந்தபோது, முதல் பங்கு பிள்ளைகளுக்கே என்று ஒதுக்கினார்கள்.

இவ்வளவு கெடுபிடி செய்த அரசும், மாமிசத்துக்கும் சர்க்கரைக்கும் வைத்ததுபோல் புதுப் பழத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாராந்தர ரேஷன் வைக்கவில்லை. வரத்து நாளுக்கு நாள் மாறும், வந்தது அழுகும். எதை நம்பி அளவு சொல்வது? ஆரஞ்சு வந்தால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முன்னுரிமை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். உச்சவிலை வைத்ததும் நல்ல சரக்கு கல்லாவுக்கு அடியில் போய்த் தெரிந்தவர்களுக்கு மட்டும் வெளியே வந்தது. "இதை வாங்கினால்தான் அது" என்ற தந்திரமும் அங்கே தலையெடுத்தது. அதைக் குற்றமாக்கி வழக்குப் போட்டார்கள். உங்கள் கடைக்காரர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஆடிப்பெருக்கன்று டெல்டா முழுவதும் ஒரே காலை வேளையில் பூவன் கேட்கிறது. அன்றைக்கு மட்டும் அரசு விலை வைத்தால் பழம் கடையின் பின்கட்டுக்குப் போய்விடும் என்பது என் அபிப்பிராயம். இணைத்து விற்பதைத் தட்டிக் கேட்பதில்தான் பலன் இருக்கிறது.

பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு சீப்புப் பழத்துக்காக அங்கே ஏறி இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனால் தடுக்கவும் மாட்டேன். செட் முன்கூட்டியே பொட்டலம் கட்டியதாக இருந்தால், மேலே அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது எடையளவுச் சட்டத்தின் கீழ் தனிப் புகார்.

கேள்வி: தாரை எடை போடும்போது தண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். தண்டுக்கும் பழத்தின் விலையா?
(வாசகர், திருக்காட்டுப்பள்ளி)

பதில்: விலை பேசும்போதே "தண்டோடா, தண்டு நீக்கியா" என்று கேட்டுவிடுங்கள். தராசில் ஏற்றிய பிறகு கேட்டால் சண்டைதான் மிஞ்சும். தண்டோடுதான் என்றால் கிலோவுக்கு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அல்லது சீப்பாக வெட்டி வாங்குங்கள்.