ஓவியம் இல்லாத குகையில் தொல்மனிதர் வாழ்ந்ததை எப்படி அறிகிறார்கள்?

கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூர் பொறிவரையின் பாறை ஓவியங்களைப் பார்த்து வந்த நீங்கள், ஓவியமே இல்லாத குகையில் மனிதர் வாழ்ந்ததற்கு என்ன சான்று என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில், ஓவியத்தைக் காட்டிலும் அதிகம் பேசுவது குகையின் தரைமண்தான்.

இலங்கையின் களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியங்கல குகையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு அடுக்கடுக்காகப் படிந்த மண்ணிலிருந்து எடுத்த கரித்துண்டுகளைக் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியதில், ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அங்குத் தங்கியிருந்தது தெரியவந்தது. கூடவே படிகக்கல்லில் செதுக்கிய சிறு கருவிகள், கூர்தீட்டிய எலும்பு முனைகள், வெட்டுத் தழும்பும் தீக்கருக்கலும் உள்ள விலங்கெலும்புகள் ஆகியவையும் கிடைத்தன.

அந்த எலும்புகளில் பெரும்பகுதி குரங்குகளுடையதும் மர அணில்களுடையதும் என்பதுதான் என்னை மிகவும் வியக்கவைக்கிறது. சோலைக்காட்டு மரவுச்சியில் தாவும் கருமந்தியை நிமிர்ந்து பார்த்துப் பழகிய நம் மலைக்காரர்களுக்கு, மழைக்காட்டில் அத்தகைய விலங்கை வேட்டையாட எவ்வளவு திறமையும் பொறுமையும் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். எலும்பு முனைகளில் சில அம்பு நுனிகளாகப் பயன்பட்டன என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

உள்நாட்டுக் காட்டுக் குகையில் கடற்சிப்பி மணிகளும் கிடைத்திருப்பதால், கரையோரத்துடன் அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால், அன்று இலங்கை தமிழகத்தோடு நிலத்தால் இணைந்தே கிடந்தது.