“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்”

அன்புள்ள அக்கா,

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு செவிலியராக, அதாவது தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் வீட்டுக்கே போய்க் குறைக்கும் நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். முன்பு ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யூ.வில் இருந்தேன். இப்போது புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன், டியூப் மாற்றுகிறேன், கற்றதெல்லாம் வீணாகிறதோ என்று தோன்றுகிறது. வாயில் புற்றுநோய் வந்த ஒரு பெரியவர் வீட்டில் மகன் என்னை வாசலிலேயே நிறுத்தி, “அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்கிறார். உள்ளே போனால் பெரியவர், “இது ஆறிடுமாம்மா?” என்கிறார். என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அவர் இரவில் தூங்குகிறாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வலியில் துடிப்பவரிடம் எந்த உண்மையையும் பேச முடியாது. எந்த நேரத்தில் வலிக்கிறது, பத்துக்கு எவ்வளவு என்று வீட்டாரையே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு போய் டாக்டரிடம் பேசுங்கள். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்றால் இன்னும் பயப்படுகிறார்கள். 1985-இன் போதைப்பொருள் சட்டம் உண்டாக்கிய பயம் அது. 2014-இல் சட்டத்தைத் தளர்த்திய பிறகும் முழுதாகப் போகவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால், சாதாரண மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கலுக்கான மருந்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும். இதை வீட்டாருக்குப் புரியவைப்பது உங்கள் வேலை.

அப்புறம் புண்ணின் நாற்றம். கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாற்றம் குறைந்ததும் பேரப்பிள்ளைகள் கட்டில் பக்கம் வருவார்கள், சாப்பாட்டுத் தட்டு மறுபடி அவர் அறைக்குள் போகும். வெறும் கட்டுப் போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சாகும் தறுவாயில் இருப்பவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாகப் பயின்றவர். பிறகுதான் டாக்டரானார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகனோடு வாசலில் வாதாட வேண்டாம். பயத்தில்தான் அப்படிக் கேட்கிறார். தனியாக உட்காரவைத்து, “அப்பா மனசுல என்ன நினைக்கிறார்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேளுங்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மகன் உடைந்துபோவான் என்று அவரும் மறைப்பார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பார்கள்.

பெரியவர் கேட்டால், “ஆறிடும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் புண் பெரிதாகும்போது உங்களை நம்ப மாட்டார். “உங்களுக்கு எப்படித் தோணுதுங்கய்யா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும். “ஆறாதுபோல” என்று அவரே சொன்னால், அவசரப்பட்டு மறுக்காதீர்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், இன்றைக்கு அவ்வளவுதான் வேண்டும் என்று அர்த்தம். வலியை நான் பார்த்துக்கொள்கிறேன், வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லுங்கள். சொன்ன வியாழக்கிழமை போய்விடுங்கள்.

ஒரு வட்டாரத்தையே ஒரு நர்ஸின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் ஆரம்பித்த நோய் ஆதரவு வேலை கேரளா முழுக்கப் பரவியதற்குக் காரணம், அக்கம்பக்கத்து ஆட்களே பயிற்சி எடுத்துக்கொண்டு கூட நின்றதுதான். உங்கள் ஊரில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்களைப் பற்றியும் மகனிடம் இப்போதே பேசிவிடுங்கள். சாப்பாடு தானாகக் குறையும், மூச்சில் கரகரவென்று சத்தம் வரும். உறவினர்கள் வந்து வாயில் பால் ஊற்றப் பார்ப்பார்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும் என்று பழக்கிவையுங்கள். 108-ஐக் கூப்பிடுவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்பதை அந்த நடுராத்திரியில் அவரால் முடிவெடுக்க முடியாது. முடிந்தால் அப்பாவின் விருப்பத்தையும் கேட்டுவையுங்கள்.

பேசியபின் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா